பொன் மூக்கிலிருந்து ஒளிக்கதிர் வரை: முகத்தழும்பு மருத்துவத்தின் வரலாறு

மனித உறுப்புகளுள் முகத்திற்குத் தனிச்சிறப்பு உண்டு. ஒருவரை இன்னாரென அறிவதும், அவர் உள்ளத்தின் மகிழ்வையும் துயரையும் உணர்வதும் முகத்தின் வழியேதான். ஒளூவில் கழுவ வேண்டிய உறுப்புகளைக் குறிப்பிடும் திருமறை வசனம் முகத்தையே முதலில் கூறுகிறது. ஸஜ்தாவில் தரையைத் தொட்டுப் பணிவதும் முகமே. அத்தகைய முகத்தில் நோயாலோ, நோயை நீக்கிய கத்தியாலோ வடு விழுந்துவிட்டால் அதைச் சீர்செய்ய முயல்வது தகுமா? அது மருத்துவமா, வெறும் அழகு நாட்டமா? இக்கேள்வி புதியதன்று, இஸ்லாமிய வரலாற்றின் முதல் தலைமுறையிலேயே எழுந்து விடையும் பெற்றது. தோல் புற்றுநோய் அறுவைக்குப்பின் முகத்தில் தங்கும் தழும்புகளை லேசர் எனும் சீரொளியால் ஆற்றும் இன்றைய மருத்துவம், அந்நீண்ட வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயம் ஆகும்.

காவிரிப் படுகை மக்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையிலிருந்து மேற்கே பாபநாசம், இராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை எனத் தொடரும் ஊர்களில் நெல் வயலும் வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலுமே வாழ்வாதாரம். நாற்று நடுவோரும் களை பறிப்போரும் கதிர் அறுப்போரும் ஆண்டு முழுவதும் வெயிலை முகத்தில் ஏற்பவர்கள். வெயிலின் புறஊதாக் கதிர்கள் மூக்கு, கன்னம், கீழுதடு, காதின் மேல்மடல் ஆகிய இடங்களிலேயே மிகுதியாகப் படுகின்றன. தோல் புற்றுநோயின் பொதுவான வகைகள் தோன்றும் இடங்களும் பெரும்பாலும் இவையே.

அர்ஃபஜாவின் மூக்கு

அபூதாவூத், திர்மிதீ, நஸயீ ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள், இஸ்லாத்திற்கு முற்பட்ட குலாப் போரில் தம் மூக்கை இழந்தவர். வெள்ளியால் ஒரு மூக்கு செய்து அணிந்திருந்தார். நாளடைவில் அதிலிருந்து துர்நாற்றம் வீசலாயிற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பொன்னால் ஒரு மூக்கு செய்துகொள்ளுமாறு அவருக்குக் கட்டளையிட்டார்கள்.

இச்செய்தியின் ஆழம் எண்ணத்தக்கது. ஆண்களுக்குப் பொன் அணிகலன் விலக்கப்பட்டிருக்க, சிதைந்த முகத்தைச் சீராக்கும் தேவைக்காக அது அனுமதிக்கப்பட்டது. மூக்கின்றியே பொறுமையுடன் இருக்குமாறு அவரிடம் கூறப்படவில்லை. வெள்ளி கருத்துக் கெடும். பொன் எளிதில் மாசுறாது என்ற பொருளியல்பும் அங்கே கணக்கில் கொள்ளப்பட்டது. இழந்த வடிவை மீட்டல், அதற்குரிய சிறந்த பொருளைத் தேர்தல், தேவையின் பொருட்டு விதியில் நெகிழ்வு காணல் என்ற மூன்று நெறிகள் இதில் அடங்கியுள்ளன. பிற்கால ஃபிக்ஹு அறிஞர்கள் சீரமைப்பு அறுவை பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஹதீஸையே அடிப்படையாகக் கொண்டனர்.

கொர்தோபாவும் பக்தாதும்

கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்தில், கொர்தோபாவிற்கு அருகிலுள்ள மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் முப்பது பகுதிகள் கொண்ட மருத்துவக் களஞ்சியத்தை இயற்றினார். அதன் இறுதிப்பகுதி முழுவதும் அறுவை மருத்துவம். கருவிகளின் வரைபடங்களோடு எழுதப்பட்ட அப்பகுதியின் முதல் பிரிவு சூட்டுக்கோலால் சுட்டு நோய் தீர்க்கும் முறைகளை விரிக்கிறது. மூக்கு, உதடு, காது ஆகியவற்றில் ஏற்படும் வெட்டுக்காயங்களைத் தைத்து இணைப்பதும் அந்நூலில் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் ஜெரார்டு என்பவரால் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவக் கல்விக்குப் பல நூற்றாண்டுகள் அது பாடநூலாயிற்று.

புற்றுநோயைப் பற்றி அவர் எழுதியது அறிவு நேர்மைக்குச் சான்று. தொடக்க நிலையில், முற்றிலும் அகற்றக்கூடிய இடத்தில் இருந்தால் மட்டுமே அறுத்து எடுக்கலாம். முற்றிப் பெருத்துவிட்டால் அணுகக் கூடாது. அத்தகைய ஒன்றைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்ற பொருள்பட அவர் எழுதினார். அவர் காலத்தவரான இப்னு ஸீனாவும் (இறப்பு 1037), புற்றை அறுக்க நேர்ந்தால் வேர் எஞ்சாதவாறு அகன்று அறுக்க வேண்டும் எனத் தம் ‘அல்கானூன்’ நூலில் வலியுறுத்தினார். இன்றைய அறுவை மருத்துவர் கட்டியைச் சுற்றி நலமான தோலிலும் ஒரு விளிம்பை விட்டு வெட்டுவது இதே எண்ணத்தின் தொடர்ச்சி. அறுவை அகன்றால் நோய் எஞ்சாது. ஆனால் வடு பெருகும். முகத்தழும்பின் சிக்கல் முழுவதும் இந்த இழுபறியில்தான் பிறக்கிறது.

முகத்தைப் புனரமைக்கும் கலையில் முன்னோடி இந்தியா. சுஸ்ருத சம்ஹிதை, கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் முறையைக் கூறுகிறது. அப்பாஸிய கலீஃபா ஹாரூன் ரஷீத் காலத்தில் அமைச்சராயிருந்த யஹ்யா இப்னு காலித் பர்மகீயின் ஆணைப்படி, மன்கா என்னும் இந்திய மருத்துவர் இந்நூலை அரபியில் விளக்கினார் என்று 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னுந் நதீம் தம் ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் குறிக்கிறார். அறிவுக்கு எல்லை வகுக்காத அந்த நாகரிகத்தின் வழியே இந்திய மருத்துவம் மேற்கு நோக்கிப் பயணம் செய்தது.

மெழுகில் தொடங்கிய மூக்கு

இந்திய முறையை ஐரோப்பா நேரடியாக அறிந்தது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில். திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் நிகழ்ந்த போரில், ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கோவாஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டார் என்று 1794 அக்டோபரில் இலண்டனின் ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ செய்தி வெளியிட்டது. இது போரில் எதிர்த்தரப்பினரின் எழுத்து என்பதை நினைவிற்கொண்டே படிக்க வேண்டும். எனினும் அதில் கூறப்பட்ட மருத்துவம் ஐயத்திற்கு இடமற்றது. புனாவை அடுத்து, செங்கல் சூளைத் தொழில் புரியும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கை அமைத்தார். தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்னும் ஆங்கில மருத்துவர்கள் இருவர் இம்முறையை நேரில் கண்டனர்.

முறை இதுதான்: மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் எஞ்சிய பகுதிமேல் பொருத்தி மூக்கு வடிவம் செய்வர். பின் அத்தகட்டை விரித்து நெற்றியில் வைத்துக் கோடிழுப்பர். அக்கோட்டின்படி நெற்றித் தோலை அறுத்து, இரு கண்களுக்கிடையே ஒரு காம்பு மட்டும் ஒட்டியிருக்க விட்டுத் திருப்பி மூக்கில் பொருத்துவர். காம்பின் வழியே இரத்தம் ஓடுவதால் தோல் சாகாது. புதிய இடத்தில் ஒட்டிய பின்பு காம்பை அறுத்துவிடுவர்.

இச்செய்தியைப் படித்த இலண்டன் மருத்துவர் ஜோசப் கார்ப்யூ 1814 அக்டோபர் 23-இல் இம்முறையைச் செய்து பார்த்து, 1816-இல் நூலாக வெளியிட்டார். நவீனச் சீரமைப்பு அறுவையின் தொடக்கங்களுள் ஒன்றாக அந்நூல் கருதப்படுகிறது. மூக்கின் மேல் தோன்றும் புற்றை அகன்று அறுத்தெடுத்த பின், பள்ளத்தை மூட இன்றும் உலகெங்கும் கையாளப்படும் முறைகளுள் முதன்மையானது இந்த நெற்றித் தோல் மடிப்பே. சூளைத் தொழில் குலத்தைச் சேர்ந்த, பெயர் அறியப்படாத அந்தக் கைவினைஞரின் மெழுகுத் தகடு, புற்றுநோயிலிருந்து மீண்ட எத்தனையோ முகங்களுக்கு வடிவம் தந்திருக்கிறது.

தோல் புற்று: கருமையின் காப்பும் ஏமாற்றமும்

தோல் புற்றுநோயில் மூன்று வகைகள் முக்கியமானவை. தோலின் அடிப்படை உயிரணுக்களில் தோன்றுவது மெல்ல வளரும்; பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது; ஆனால் விட்டுவிட்டால் மூக்கையும் இமையையும் அரித்துவிடும். மேல்தோல் செதில் உயிரணுக்களில் தோன்றுவது பரவக்கூடியது. நிறமி உயிரணுக்களில் தோன்றும் மெலனோமா மிகக் கொடியது.

நம் தோலின் கருமைக்குக் காரணமான மெலனின் நிறமி, புறஊதாக் கதிரைத் தடுக்கும் இயற்கைக் குடை. எனவேதான் வெண்ணிறத்தவரை நோக்க நம் நாட்டில் இந்நோய் குறைவு. ஆனால் இக்காப்பே ஓர் ஏமாற்றத்திற்கும் இடமளிக்கிறது. கருந்தோலில் அடிப்படை உயிரணுப் புற்று பெரும்பாலும் கறுத்த நிறத்தில், மறு அல்லது மச்சம்போல் தோன்றும். “நமக்கு ஏது தோல் புற்று?” என்று நோயாளியும், சிலபோது மருத்துவரும் காலம் தாழ்த்துவதால் கட்டி வளர்ந்து, அறுவை அகன்று, வடுவும் பெரிதாகிறது.

வெயில் மட்டுமே காரணமுமன்று. காஷ்மீரத்தார் குளிருக்காக ஆடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் கனல் சட்டியின் சூட்டால் தொடையிலும் அடிவயிற்றிலும் புற்று தோன்றுவதை எல்ம்ஸ்லி என்னும் மருத்துவர் 1866-இல் எழுதினார். பழைய தீப்புண் வடுவிலும் ஆறாத புண்ணிலும் புற்று தோன்றலாம். இரத்த உறவுத் திருமணம் வழக்கிலுள்ள சமுதாயங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய மற்றொன்றும் உண்டு. வெயிலால் மரபணுவில் நேரும் சிதைவைச் செப்பனிடும் ஆற்றல் பிறவியிலேயே குன்றிய ‘ஸீரோடெர்மா பிக்மெண்டோசம்’ என்னும் அரிய நோய், தாய் தந்தை இருவர் வழியிலும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே தோன்றும். நெருங்கிய உறவில் மணம் புரிவோரின் மக்களுக்கு இவ்வாய்ப்பு கூடுதல். இந்நோயுள்ள குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே முகத்தில் புற்றுகள் அடுத்தடுத்துத் தோன்றும். இதன் அடிப்படை மரபணுச் செப்பனிடும் குறையே என்பதை 1968-இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார்.

அறுவையின் விளிம்பைச் சுருக்கவும், அதே வேளையில் வேர் எஞ்சாதிருக்கவும் வழி கண்டவர் அமெரிக்கரான ஃபிரெடரிக் மோஸ். 1930-களில் அவர் துத்தநாகக் குளோரைடு கலந்த காரக்களிம்பைக் கட்டிமேல் தடவித் திசுவை இறுகச் செய்து, அடுக்கடுக்காகச் சீவி, ஒவ்வோர் அடுக்கின் அடிப்புறத்தையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நோய் எஞ்சிய திசையில் மட்டும் மேலும் சீவுவது அவர் முறை. பின்னாளில் களிம்பு கைவிடப்பட்டு, உறையவைத்த திசுவை ஆராயும் வழக்கம் 1970-களில் பரவியது. நலமான தோல் வீணாகாததால் தழும்பும் சிறுத்தது.

தஞ்சையும் வேலூரும்

நம் மண்ணின் பங்கையும் இங்கே கூறல் தகும். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) நிறுவிய தன்வந்திரி மகாலில் ஆயுர்வேத, சித்த வைத்தியர்களோடு யுனானி ஹகீம்களும் ஐரோப்பிய முறை மருத்துவர்களும் ஒரே கூரையின்கீழ் பணியாற்றினர். அங்கே மருத்துவம் பெற்ற கண் நோயாளிகளின் நோய்க்குறிப்புகள், அவர்தம் கண்களின் ஓவியங்களுடன் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. மருத்துவத்தின் பயனைச் சொல்லால் மட்டும் கூறாது, படத்தால் பதிந்து வைத்த அப்பண்பு போற்றத்தக்கது. தழும்பு மருத்துவத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒளிப்படம் எடுத்து ஒப்பிடும் இன்றைய வழக்கத்திற்கு, காவிரிக் கரையில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் உறவு முறை இருந்திருக்கிறது.

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது, தமிழகத்தில் இந்நோய்க்குத் தனி மருத்துவமனை அமைந்த நன்னாள்.

முகத்தைச் சீராக்குவது வாழ்வைச் சீராக்குவதே என்பதைத் தமிழகத்தில் மெய்ப்பித்தது வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவையால் இயங்கச் செய்தார். கை நேரான பின்பும் முகத்தில் நோயின் அடையாளம் இருந்தால் ஊரார் வேலை தரத் தயங்கினர். எனவே சப்பையான மூக்கை நிமிர்த்துவதும், தலைத்தோலிலிருந்து மயிருடன் கூடிய தோலை எடுத்துப் புருவம் அமைப்பதும் அங்கே மருத்துவத்தின் பகுதியாயின. நோய் நீங்கிய பிறகும் முகம் நோயாளியைக் காட்டிக் கொடுக்கிறது. அதைச் சீராக்காதவரை மருத்துவம் முடியவில்லை என்ற உண்மையை வேலூர் உலகிற்கு உணர்த்தியது. புற்றுநோயிலிருந்து மீண்டவரின் முகத்தழும்பிற்கும் இது பொருந்தும்.

ஒளி மருந்தான கதை

இனி ஒளியின் வரலாற்றிற்கு வருவோம். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கிதாபுல் மனாஸிர்’ என்னும் ஒளியியல் நூலை இயற்றினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணில் புகுகிறது எனச் சோதனைகளால் நிறுவியவர் அவர். ஆயிரம் ஆண்டு நிறைவையொட்டி, ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த 2015-ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒளி ஆண்டில் அவர் உலகெங்கும் நினைவுகூரப்பட்டார்.

1917-இல் ஐன்ஸ்டீன், தூண்டப்பட்ட அணுவிலிருந்து ஒரே தன்மையுடைய ஒளியை வெளிப்படுத்த இயலும் எனக் கோட்பாட்டளவில் கூறினார். 1960 மே 16-இல் அமெரிக்காவில் தியடோர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதே ஆண்டு டிசம்பரில், டெஹ்ரானில் பிறந்த அலீ ஜவான் தம் துணைவர்களுடன் ஹீலியம்-நியான் வாயுக்களைக் கொண்டு இடையறாது ஒளிரும் முதல் வாயு லேசரை உருவாக்கினார். 1964-இல் மகாராட்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் கரியமில வாயு லேசரைக் கண்டார். தழும்பு மருத்துவத்தில் இன்றும் பெரிதும் பயன்படுவது பட்டேலின் இக்கண்டுபிடிப்பே. சின்சினாட்டி நகரத் தோல் மருத்துவர் லியோன் கோல்டுமன், 1960-களின் தொடக்கத்திலேயே லேசரைத் தோலில் சோதித்து இத்துறைக்கு வழிகாட்டினார்.

தொடக்க கால லேசர், அடிப்படையில் நுட்பமானதொரு சூட்டுக்கோலே. குறியைச் சுடும்போது சுற்றிலும் சுட்டு, புதிய வடுவையும் உண்டாக்கியது. சூட்டு மருத்துவத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நோய் தீர்க்கும் வழிகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டும், தம் சமுதாயத்தார் அதனை நாடுவதை விரும்பாதிருந்ததை புகாரீ பதிவு செய்கிறது. சூட்டின் கேட்டைக் குறைத்து நன்மையை மட்டும் பெறுவது எப்படி என்பதே 20-ஆம் நூற்றாண்டு அறிஞர்முன் நின்ற வினா.

விடை 1983-இல் கிடைத்தது. அமெரிக்க மருத்துவர்கள் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும், ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் உறிஞ்சும் பொருளை நோக்கி அதற்குரிய அலைநீள ஒளியை, அப்பொருள் குளிர எடுக்கும் நேரத்தினும் குறைந்த நேரமே செலுத்தினால், அப்பொருள் மட்டும் சுடும். சூழ்ந்த தோல் தப்பும் என நிறுவினர். சுவாமிமலை வார்ப்புத் தொழிலை அறிந்தோர்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும். மெழுகில் வடித்த உருவைக் காவிரி வண்டல் மண்ணால் மூடிச் சூடேற்றும்போது மெழுகு உருகி வெளியேறுகிறது, மண்ணோ கெட்டிப்படுகிறது. வெப்பம் ஒன்றே, ஏற்கும் பொருளின் தன்மையால் விளைவு வேறுபடுகிறது.

இந்நெறியின்படி, சிவந்து தடித்த புதிய தழும்புக்கு, இரத்தத்தின் செந்நிறம் உறிஞ்சும் 585 அல்லது 595 நானோமீட்டர் அலைநீளச் சாய லேசர் 1990-களில் வழக்கிற்கு வந்தது. பள்ளமும் மேடுமாக உள்ள தழும்புக்குத் திசுவின் நீர் உறிஞ்சும் 10,600 நானோமீட்டர் கரியமில வாயு லேசர் பயன்பட்டது. ஆனால் மேல்தோல் முழுவதையும் ஒருசேர நீக்கியதால் புண் ஆற வாரங்கள் பிடித்தன. 2004-இல் டீட்டர் மான்ஸ்டைனும் ஆண்டர்சன் குழுவினரும் மற்றொரு வழி கண்டனர். தோல் முழுவதும் சுடாமல், மயிரிழை அளவான நுண் புள்ளிகளாகச் சுட்டு, இடையிடையே நலமான தோலை விட்டுவைப்பது அம்முறை. நலமான திட்டுகளிலிருந்து உயிரணுக்கள் விரைந்து வந்து புண்ணை மூடும். தழும்பில் தாறுமாறாக முறுக்கேறிய கொலாஜன் இழைகள் சிதைந்து, புதிய இழைகள் ஒழுங்காக அமையும். சில வார இடைவெளியில் பலமுறை செய்தால் தழும்பு மென்மையாகி, சூழ்ந்த தோலோடு இயைகிறது.

லேசர் தழும்பை அழிக்காது, ஆற்றும். இதனை மருத்துவரும் நோயாளியும் முதலிலேயே தெளிந்திருத்தல் வேண்டும். புற்றுநோய்த் தழும்பில் மற்றொரு கடமையும் உண்டு. நோய் முற்றும் நீங்கியது, மீண்டும் தலைகாட்டவில்லை என்பதை உறுதிசெய்த பின்பே லேசரைத் தொட வேண்டும். ஐயத்திற்குரிய மச்சத்தையோ ஆறாத புண்ணையோ திசு ஆய்வின்றி லேசரால் சுட்டு நீக்குவது, நோயை மூடி மறைத்து வளரவிடுவதாக முடியும்.

யாருடைய தோலுக்கான ஒளி?

இவ்வரலாற்றில் நம்மைப் பெரிதும் பாதிக்கும் பகுதி ஒன்றுண்டு. லேசர் மருத்துவம் வெண்ணிறத் தோலின்மேல் வளர்ந்தது. தோலை வெயிலுக்கு அது காட்டும் எதிர்வினையால் வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-இல் தோன்றியபோது வெண்ணிறத்தாரின் தோல் வகைகளையே கருத்தில் கொண்டிருந்தது. பழுப்பும் கறுப்பும் பின்னரே சேர்க்கப்பட்டன. தமிழரின் தோல் பெரும்பாலும் பிற்பகுதி வகைகளைச் சார்ந்தது.

மெலனின், குறுகிய அலைநீள ஒளியை மிகுதியாக உறிஞ்சும். எனவே வெண்தோலுக்கு வகுத்த அளவில் கருந்தோலைச் சுட்டால், தழும்பைச் சேர வேண்டிய வெப்பம் மேல்தோலிலேயே தங்கிப் புண்ணாக்கலாம். நீரை நோக்கிய லேசரும் அழற்சியைத் தூண்டி, ஆறிய இடத்தில் கருந்திட்டைத் தோற்றுவிக்கலாம். தழும்பைக் குறைக்க வந்தவர் புதியதொரு கறையுடன் திரும்பும் அவலம் இதனால் நேர்கிறது. காப்பு வழிகள் உண்டு: புள்ளிகளின் நெருக்கத்தைக் குறைத்தல், இடைவெளியை நீட்டித்தல், மெலனின் குறைவாக உறிஞ்சும் நீண்ட அலைநீளங்களைத் தேர்தல், காதின் பின்புறம் போன்ற மறைவிடத்தில் முதலில் சிறிது சோதித்துப் பார்த்தல், தடித்து வளரும் கீலாய்டுத் தழும்புப் போக்கு உண்டா என வினவுதல். இவற்றை அறிந்த தோல் மருத்துவரிடம் செல்வதும், அழகு நிலையங்களில் பயிற்சியற்றோர் கையில் முகத்தைத் தராதிருப்பதும் இன்றியமையாதவை.

மருத்துவத்திற்குப் பின் பல வாரங்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டும் என்பது பொது விதி. வயலில் நின்றால்தான் அன்றைய கூலி என்றிருக்கும் பெண்ணுக்கு இவ்விதியின் பொருள் என்ன? மருத்துவத்தின் செலவு கருவியின் கட்டணத்தோடு முடிவதில்லை. இழந்த கூலியும் அதில் சேரும். அகன்ற விளிம்புள்ள தொப்பி, முகத்தை மூடும் துணி, வேலை குறைந்த பருவத்தைத் தேர்தல் ஆகியவற்றை ஏழை நோயாளியோடு அமர்ந்து பேசி முடிவு செய்வதும் மருத்துவரின் கடமையே. முகத்தில் மருந்துக் கட்டு இருக்கும் நாட்களில் ஒளூவின்போது கட்டின்மேல் ஈரக்கையால் தடவிக்கொள்ள மார்க்கச் சட்டம் இடமளிக்கிறது என்பதும் பலர் அறியாதது. அதனை அறியாமல் புண்ணை நனைத்துக் கெடுத்துக்கொள்வோரும், சிகிச்சைக்கே தயங்குவோரும் உளர்.

மீட்டலும் மாற்றலும்

இறைவனின் படைப்பை மாற்றுவது கூடாது என்ற அச்சத்தால், தழும்பு மருத்துவத்தையும் ஐயுறும் நல்லுள்ளங்கள் நம்மிடையே உண்டு. பச்சை குத்துதல், அழகுக்காகப் பல்லிடை அராவுதல் முதலியவற்றைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (இறப்பு 1277), அழகு நாடிச் செய்வதே விலக்கப்பட்டது. மருத்துவத்திற்காகவோ குறை நீக்கவோ தேவைப்படின் குற்றமில்லை எனத் தெளிவுபடுத்தினார். 2007-இல் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, அழகியல் அறுவை பற்றிய தன் தீர்மானத்தில், நோய், விபத்து, தீப்புண் ஆகியவற்றால் ஏற்பட்ட குறைகளைச் சீர்செய்வதை அனுமதித்தது. தேவையின்றி இயல்பான வடிவை மாற்றுவதை மறுத்தது.

வியப்பு யாதெனில், உலகியல் சட்டமும் இதே கோட்டையே வரைந்துள்ளது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019-இல் வகுத்த பொது விலக்குகளில், தோற்றத்தை மாற்றும் சிகிச்சைகளுக்குக் காப்பீடு இல்லை என்று கூறும் விதியே, விபத்து, தீப்புண், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்பிற்கு விலக்களிக்கிறது. புற்றுநோய் அறுவைத் தழும்பிற்கான சிகிச்சை “அழகுக்கானது” என்று மறுக்கப்படும்போது, அது சீரமைப்பே என்று மருத்துவர் எழுத்தில் சான்றளிப்பதும், நோயாளியின் குடும்பத்தார் அவ்விதியைச் சுட்டிக் கேட்பதும் பயன் தரலாம்.

அர்ஃபஜா (ரலி) அவர்களின் பொன் மூக்கு, கொர்தோபாவின் தையல் ஊசி, புனாவின் மெழுகுத் தகடு, தஞ்சையின் கண் ஓவியங்கள், வேலூரின் புருவங்கள், பாராமதியில் பிறந்தவரின் ஒளிக்கதிர் ஆகிய அனைத்தும், துன்புற்ற முகத்தை மீண்டும் மக்கள் நடுவே நிமிரச் செய்யும் முயற்சிகளே. இம்மரபில் எஞ்சியிருக்கும் கடமை நம்முடையது. ஆறாத புண்ணையும் வளரும் கறுப்பு மறுவையும் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுமாறு ஜமாஅத்துகளும் ஊர்ப் பெரியோரும் எடுத்துரைத்தால் அறுவை சிறுக்கும், வடுவும் சிறுக்கும். நம் நிறத் தோலுக்கேற்ற அளவில் தழும்புச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் எளியோர்க்கும் கிடைக்குமாறு கேட்டுப் பெறுவது அடுத்த படி. ஸகாத், ஸதகா நிதிகளிலிருந்து அறுவைக்கு உதவுவோர், அதன்பின் முகத்தைச் சீராக்கும் செலவையும் அதே நோயின் செலவாகக் கருதி ஏற்பது முறையாகும்.